மூன்றாம் பாகமும் ஆறாம் பாகமும்

மாங்குளச் சந்தியில் என் கடை.
போட்டோக்கொப்பி, ஸ்கேன், லமினேற், றீலோட்,
கச்சேரிப் படிவம் நிரப்புதல்.
மேகத்தில் ஏற்றிவைக்க மட்டும் காசு வாங்குவதில்லை.
அது எனக்கும் சும்மா வந்தது.

பதினைந்து ஜீபி.
நிரம்பினால் இன்னொரு பெயரில் இன்னொரு பதினைந்து.
இப்போது எனக்கு ஒன்பது பெயர்.
நாலாவது பெயரில் ஊராரின் காணிப் பெர்மிட்,
ஐந்தாவதில் வினாத்தாள்களும்
யாரோ ஒருவரின் சாமத்தியவீட்டு வீடியோவும்.
கடவுச்சொற்களை மட்டும் கொப்பியில் எழுதி
அரிசி வாளிக்குள் புதைத்திருக்கிறேன்.

ஒரு மத்தியானம் தவபாலன் வந்தார்.
கிளிநொச்சியில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர்,
இப்போது உழவு இயந்திரங்களுக்கு ஒயில் மாற்றுகிறார்.
மடிப்பில் கிழிந்த ஒரு தாளை மேசையில் விரித்தார்.
பேனை மையில் ஏழு முகவரி,
ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம்.
"இது ஓவா, சைபரா?"
"எழுதேக்க தெரிஞ்சிருக்கும் பிள்ளை."

இரண்டாயிரத்தெட்டு ஆவணி.
சனம் கூரைத்தகரம் கழற்றி ஏற்றிய மூன்று இரவும்
அவர் ஜெனறேற்றர் வெளிச்சத்தில்
படங்களை ஏற்றிக்கொண்டிருந்தாராம்.
அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள்,
ஆயிரத்து நூற்றுப் பதினாறு முகம், நீலப் பின்சீலை.
நூறு எம்பிக்கு மேல் சும்மா இடமில்லை என்றதால்
ஏழாக வெட்டி
நாலு கம்பனிகளில் வைத்தார்.

முதலாவதைத் தட்டினேன்.
அந்தப் பெயரில் இப்போது யாரோ சப்பாத்து விற்கிறார்கள்.
இரண்டாவது பேசியது:
"தொண்ணூறு நாட்களாக எவரும் இறக்காததால்
இந்தக் கோப்பு நீக்கப்பட்டது."
நான் தமிழில் சொன்னேன்.
அவர் விரல் மடித்தார்.
புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை.
"கார்த்திகையில நாங்கள் தருமபுரத்தில,
தறப்பாளுக்குள்ள முழங்கால் வெள்ளம்.
ஏத்தினதை இறக்கி, இறக்கினதை ஏத்தி...
ஆர் அம்மா இதை இறக்கிறது?"

மூன்றாவது வந்தது.
பதினொரு நிமிடம், அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.
நாலு இல்லை. ஐந்து இல்லை.
ஆறு வந்தது.
ஏழில் ஓவும் போட்டேன், சைபரும் போட்டேன்.

இந்த இரண்டும் எப்படித் தப்பின என்று தெரியாது.
எங்கோ ஒருவர் தவறுதலாய் அழுத்தியிருக்கலாம்,
ஒவ்வொரு முறையும் தவணை முடியுமுன்.

"ரெண்டு கிடைச்சா ரெண்டு பங்கு முகம் வராதே?"
முதற்பாகம் இல்லாமல், எனக்குத் தெரிந்த வழியில், வராது.
"பாஸ்வேட் ஞாபகம் இருக்கு," என்றார்.
பழைய மோட்டார்சைக்கிளின் இலக்கம்.
சத்தமாகச் சொன்னார், இரண்டு தரம்.
அதைத் தட்ட ஓர் இடம்கூடத் திரையில் இல்லை.

தாளை ஸ்கேன் பண்ணி வைத்தேன்.
வேண்டாமென்றும் நாற்பது ரூபாவை
ஸ்ரேப்ளருக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

மாதம் ஒருமுறை இரண்டையும் நான் இறக்குகிறேன்.
இறக்கி, அழித்து, அடுத்த மாதம் திரும்ப.
எண்ணிக்கை ஒன்று ஏறினால் போதும்.
கடைப்பொடியன் நிதுசன் கேட்கிறான்:
"திறக்காத ஃபைலுக்கு ஏனக்கா டேட்டா?"
ரோனர் முடிந்துவிட்டது,
போய் வாங்கி வா என்கிறேன்.

இன்னொன்றும் செய்கிறேன், அது சரியோ தெரியாது.
பாஸ்போட் படத்துக்கு வருபவர்களின் முகத்தை
வேலை முடிந்தபின் அழிப்பதில்லை.
அவர்களிடம் கேட்பதுமில்லை.

நேற்று ஒன்பதாவது பெயரும் சிவந்தது:
இடம் முடிகிறது, வாங்கு அல்லது அழி.
பத்தாவது பெயர் திறந்தேன்.
பிறந்த திகதி கேட்டது.
இரண்டாயிரத்தெட்டு, ஆவணி என்று தட்டினேன்.

வயது போதுமாம்.
ஏற்றுக்கொண்டது.