ஒன்பதாம் பிரிவு

செந்தூல் மாமாக் கடையில் கையெழுத்திட்டேன்.
ஐந்தாம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது
தே தாரிக் குவளையின் வட்டம்.

ஒன்பதாம் பிரிவு: மாற்றுக் கோல்காவலருக்குக்
களமிறங்கினால் மட்டும் நூற்றிருபது வெள்ளி.
பதினொன்று: காயமுற்றவரின் சம்பளம்
அன்றோடு நிற்கும்.

ஏழு ஆட்டங்கள்
காலில் பட்டைகள் கட்டி, தலைக்கவசம் மடியில் வைத்து
பெஞ்சில் வியர்த்தேன்.
வியர்வைக்குப் பிரிவு இல்லை.

நேற்று, கடைசி நான்கு நிமிடம்.
கலைமாறனின் முட்டியில் பந்து.
அவன் கத்தி முடிப்பதற்குள்
தலைக்கவசம் என் தலையில்.

என் இடக் கையுறையில் வார் அறுந்திருப்பது
அவனுக்குத் தெரியும்.
ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே
தன்னுடையதைக் கழற்றி நீட்டினான்:
"கிளப்போடது இல்லடா, என் காசு.
திங்கக்கெழமை குடுத்துரு."

உள்ளே அவன் கைச்சூடு.
அப்போதும் எனக்குள்
நூற்றிருபதுதான் ஓடியது.