பத்து அடி பின்னால்

ஒரு நாளைக்கு இரண்டு பிக்கப்பையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னான் கடைக்காரன்.
ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல்.
நீளம் ஒன்றே, டீசல் ஒன்றே,
பின்தொட்டியில் ஆறு செம்மறியைப் படுக்கப்போடும் இடமும் ஒன்றே.
விலையில் மட்டும்
ஒரு நல்ல கறவைப் பசுவின் வித்தியாசம்.

எலிசேயோவுக்குச் சிவப்பு. எனக்குச் சாம்பல்.
விவாகரத்தாகி மூன்று வருடம்;
கால்நடை மருத்துவமும் வங்கிக் கடனும்
இன்னும் எங்கள் இரண்டு பேர் பெயரில்.

காலையில் சாம்பலை எடுத்தோம்.
கொய்ஹைக்கே தாண்டித் தார் தீர்ந்து
ஜல்லிச் சாலை பல்லைக் கடிக்கத் தொடங்கியது.
நான் ஒரு வளையத்தைத் திருகினேன், அவ்வளவுதான்.
எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்று
வண்டியே பார்த்துக்கொண்டது.
பனி உருகிய சேற்றில் ஒரு கணம் வழுக்கி
பிறகு பிடித்தது.
'அந்த ஒரு கணம்' என்றான் எலிசேயோ,
'அதில்தான் மனிதன் பள்ளத்துக்குப் போகிறான்.'

நான் சொன்னேன்:
வளைவில் நான்கு சக்கரமும்
நான்கு வட்டம் போடும்.
முன்னிரண்டுக்கு நடை கூடுதல்.
இதில் நடுவே ஒரு டிஃபரன்ஷியல் உட்கார்ந்து
முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும்
பஞ்சாயத்து பண்ணுகிறது.
தாரோ சேறோ, இதற்கு ஒன்றுதான்.

'சிவப்பில் பஞ்சாயத்து கிடையாது' என்றான் பெருமையாக.
லிவரை இழுத்தால்
முன்னும் பின்னும் ஒரே பூட்டு.
மீதிக் கணக்கை மண் தீர்க்கும்,
கொஞ்சம் வழுக்கிக்கொடுத்து.

மண் இருக்கும்வரை, என்றேன்.

மதியம் சிவப்புக்கு மாறிய நேரம்
தோன்யா எர்சீலியாவிடமிருந்து போன்:
ஆட்டுக்கு நீர்க்குடம் உடைந்து இரண்டு மணி நேரம்,
ஒரு கால் மட்டும் வெளியே.
அவள் வீடு லெங்கா மரங்களுக்கு மேலே.
அந்த ஏற்றத்தைச் சாலை என்று சொன்னவன்
குதிரையில் போயிருக்க வேண்டும்.

எலிசேயோ வண்டியை நிறுத்தி
லோ-வில் போட்டான். கடகடவென்று ஏதோ கூடியது.
பிறகு அது ஏறிய விதத்தை
நான் ஒத்துக்கொண்டாக வேண்டும்.
அவசரமே இல்லை.
ஒவ்வொரு கல்லையும் தொட்டு, எண்ணி,
கடன் வசூலிக்க வந்தவனைப் போல ஏறியது.
என் சாம்பல் ஏறியிருக்குமா?
ஏறியிருக்கலாம். அதுவும் லோ உள்ள வண்டிதான்.
அன்று கேட்கத் தோன்றவில்லை.

மடங்கிய காலை உள்ளே தள்ளி நிமிர்த்தியது நான்,
தலையைப் பிடித்தது அவன்.
இரட்டை. ஒன்று பிழைத்தது.

திரும்பும்போது நான் ஓட்டினேன்.
இறக்கத்தின் அடியில் லோ-வை எடுத்து ஹை-யில் போட்டேன்.
நான்கு சக்கரப் பூட்டை எடுக்க மறந்தேன்.
இருட்டு, கையில் அயோடின் வாடை,
காய்ந்த தார் எப்போது வந்ததென்றே தெரியாது.
பெட்ரோல் பங்க் வளைவில் திருப்பினால்
ஸ்டியரிங் முரண்டுபிடித்தது.
டயர்கள் குதித்தன, கீச்சிட்டன;
குறுகிய மாடிப்படியில் பீரோ இறக்கும்
இரண்டு மைத்துனர்களைப் போல
முன்னச்சும் பின்னச்சும் முக்கின.

லிவரை இழுத்தேன். வரவில்லை.
இரண்டு கையாலும் இழுத்தேன்.
அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.
'விடு' என்றான். 'உள்ளே முறுக்கேறியிருக்கிறது.
இழுத்தால் வராது.'
இறங்கிப் பின்னால் போய்
வால்விளக்கின் சிவப்பில் நின்று கையசைத்தான்.
'பின்னால் வா. நேராக. பத்து அடி போதும்.'

வந்தேன்.
வண்டிக்கு அடியில் எங்கோ
முட்டியில் சொடக்கு விழுகிற சத்தம்.
லிவர் தானாக வந்ததுபோல் கையோடு வந்தது.
பச்சை விளக்கு அணைந்தது.

அவன் ஏறி உட்கார்ந்து
பூட்ஸ் சேற்றைக் கதவு விளிம்பில் தட்டினான்.
எப்போது கற்றுக்கொண்டாய், என்றேன்.

'போன குளிர்காலம். இரவல் வண்டி.
மூன்று மணி நேரம்
முன்னாலேயே தள்ளிக்கொண்டிருந்தேன்.'