ஸ்டொக் எடுக்கும் ஞாயிறு

வீட்டில் சொன்னது, கடையில் ஸ்டொக் எடுக்க என்று.
காலை ஏழு பத்துக்கு
வெலிமடை வழியாகப் பண்டாரவளை பஸ்.
இருக்கை இல்லை.
பதினாறு வருடமாய் எனக்குத் தெரிந்த கம்பி
கூரைக்கும் தரைக்கும் நடுவே நின்றது
எல்லோருடைய வியர்வையும் பூசி.
வளைவுக்கு வளைவு அதைக் கட்டிக்கொண்டுதான் வந்தேன்,
யாரும் எதுவும் சொல்லவில்லை.

மோட்டார் உதிரிப்பாகக் கடைக்கு மேல்மாடி.
செருப்புக் கழற்றும் இடம்வரை
டயர் வாசனை ஏறி வந்திருந்தது.
நான்கு கம்பிகள், நாங்கள் ஏழு பேர்.
ஒஷாதி மிஸ்ஸுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு.
கையில் ஹெயார் ட்ரையர்,
கம்பிக்குக் காய்ச்சல் வரும்வரை
மேலிருந்து கீழாகச் சூடு காட்டினாள்.
இந்தக் குளிரில் இரும்பு யாரையும் ஏற்காதாம்.

என் நீளக் காற்சட்டையைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னாள்:
துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும்.
முப்பத்தொன்பது வருடம்
நான் கேட்டு வளர்ந்ததெல்லாம் இதற்கு நேர்மாறு.
திரைக்குப் பின்னால் போய்
மகனின் கால்பந்துக் காற்சட்டையை மாட்டி வந்தேன்.
என் தொடைகள் என்னைவிட வெளுப்பு,
வெயிலுக்கு வராத அயல்வீட்டார் இருவர் போல.

பிறகு வழுக்கினேன்.
காலையில் பூசிய தேங்காய் எண்ணெய்.
நுவரெலியாவில் எண்ணெய் பூசாமல் எவள் வெளியே வருவாள்?
கம்பி முழுக்க என் கைரேகை.
ஸ்பிரிட் நனைத்த துணி வந்தது.
நான் மருந்துக்கடைக்காரி,
அந்த வாசனைக்குத்தான் மனம் கொஞ்சம் நின்றது.

எகய், தெகய், துனய்.
உள்கை மடிப்பில் கம்பி. புறங்காலில் கம்பி.
அடுத்த கம்பியில் தபால்கந்தோர் டெல்மா
'யேசுவே' என்று இறங்கிக்கொண்டே இருந்தார்,
ஏறவேயில்லை.
மூச்சு விடு என்றாள் மிஸ்.
மறந்திருந்தேன்.

ஒன்றரை விநாடி இருக்கும்.
இரண்டு பாதங்களும் தரையில் இல்லை.
யன்னலில் ஸ்டேஷன் கூரை ஒரு முழம் தாழ்ந்தது.
கடனுக்கு இன்சுலின் வாங்கியவர்களின் கொப்பி,
மாமியாரின் சளி, மகனின் டியூஷன் காசு,
எல்லாம் அந்தத் தரையிலேயே நின்று
என்னை அண்ணாந்து பார்த்தன.

அப்புறம் தொம்மென்று விழுந்தேன்.
மற்ற ஆறு பேரும் கைதட்டினார்கள்.
கீழே யாரோ
டயர் உருட்டுவதை நிறுத்தினார்கள்.

புதன்கிழமைக்குள் நாவற்பழ நிறம்.
உள்கையில் ஒன்று, புறங்காலில் ஒன்று.
மேல்தட்டு சிரப்புக்குக் கை நீட்டினேன்,
கோட்டின் கை மேலேறிவிட்டது.
கௌண்டரில் கூட நிற்கும் நிர்மலவேணி கண்டாள்.
மத்தியானம், ஆள் குறைந்த நேரம்,
ஒயின்ட்மென்ட் ட்யூப் ஒன்றை
பில் போடாமல் என் பக்கம் தள்ளினாள்.
'நா ஒன்னும் கேக்கல அக்கா.'

'விழுந்துட்டேன்' என்றேன்.
அது உண்மை.
இந்தக் கௌண்டருக்குக் கன்றிப்போய் வரும் பெண்கள் எல்லோரும்
அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார்கள்.
அவளும் நானும் தலையாட்டி
பஞ்சு வெட்டிக் கொடுப்போம்.
என் வீட்டுக்காரர் கோழி அறுக்கவே பயப்படுகிறவர்.
அதை எப்படிச் சொல்ல?
சொன்னால் இன்னும் மோசம்.

சிரிப்பு முட்டி உதட்டைக் கடித்தேன்,
அதையும் அவள் வேறுமாதிரி எடுத்துக்கொண்டாள்.
'வர்ற ஞாயிறும் விழுவேன் வேணி.'

கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.
இன்னொரு ட்யூப் எடுத்து வைத்தாள்.