சொந்த அலுவல்

எல்லாருடைய லீவும் என் மேசைக்குத்தான் வரும்.
காரணம் என்ற கட்டத்தில்
இந்தத் திணைக்களம் இதுவரை சாகடித்த பெரியம்மாக்களை
எண்ணினால் ஒரு கிராமம் தேறும்.
வயிற்றோட்டம், பல்வலி, பெற்றோர் கூட்டம்,
ஒருமுறை, மாடு காணாமற்போனது. அது உண்மை.
நான் வாசிப்பதில்லை. கையெழுத்து வைப்பேன்.

என்னுடைய லீவு
டிசம்பர் முப்பத்தொன்றில்
ஒருவருக்கும் உதவாமல் காலாவதியாகும்.
போன வருடம் பத்தொன்பது நாள்.
மாமிக்கு இன்சுலின், மூத்தவனுக்குக் கணித வகுப்பு,
சின்னவனின் வான் காசு,
வங்கிக்கு மாதாமாதம் எட்டாம் திகதி.
கலண்டர் முழுக்க என் எழுத்துத்தான்,
எதுவும் எனக்கில்லை.

ஆடியில் ஒரு புதன்கிழமை
கச்சான் காற்று யன்னலால் புகுந்து
கோவைகளை ஒருதரம் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
அரைநாள் எழுதினேன்.
காரணம்: சொந்த அலுவல்.
என்ன அலுவலென்று எனக்கே தெரியாது.
வீட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்
வரும்போது கறிவேப்பிலை என்றிருப்பார்கள்.

டச்பேயில்
செருப்பைக் கழற்றி ஹேண்ட்பாக்கில் வைக்கையில்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
தண்ணீர் பில்லை முகர்ந்தது.
தின் என்றேன். நுனியை மட்டும் தின்றது,
தொகை இருந்த பக்கத்தை விட்டுவிட்டு.

பிறகு ஓடினேன்.
எங்கேயுமில்லை. அலை பின்வாங்கினால் துரத்தி,
அது திரும்பினால் தப்பி,
சேலை முழங்கால்வரை நனைந்து கனக்க,
நாற்பத்துநாலு வயதில்,
வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு.
பஸ்ஸில் இப்படியொருத்தியைக் கண்டால்
பக்கத்தில் இருக்கமாட்டேன்.

கழுத்தில் ஒரு நூல் உரசியது.
மேலே, கடலுக்குள் தள்ளிப்போய்,
சிவப்பாய் ஒரு பட்டம்.
கீழே, காற்சட்டையைக் கெண்டைக்கால்வரை சுருட்டிக்கொண்டு
எங்கள் களஞ்சியக் காப்பாளர் லாபிர் நானா.
காலையில்தான் ஒப்பமிட்டேன்: காய்ச்சல், நூற்றிரண்டு.
ஒரு பேனைக்கு மூன்று படிவம் கேட்கும் மனிதர்.
அந்தச் சிவப்பையும் எனக்குத் தெரியும்.
இருப்பில் குறைந்த பன்னிரண்டு பிரிப்புத்தாள்,
தணிக்கைக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

“மிஸ்” என்றார்.
“காய்ச்சல் எப்படி?” என்றேன்.
“காத்துப் பட்டாச் சரிவருமெண்டு…”
“ஆர் சொன்னது?”
அவர் ஆகாயத்தைப் பார்த்தார்.
நான் சேலையைப் பார்த்தேன்.
ஒருவரிடமும் மருத்துவச் சான்றிதழ் இல்லை.

பிறகு செய்ததுதான்
எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லாதது.
நூற்கட்டையை என் கையில் தந்தார்,
படிவமில்லாமல்.

எத்தனையோ பேர் இழுக்கிற கை இது.
இப்படியொரு இழுவை தெரியாது.
அவ்வளவு தூரத்திலிருந்து இழுத்தது,
ஒன்றும் கேட்கவில்லை.
“விடுங்க மிஸ், இன்னும் விடுங்க,
இப்ப சுண்டுங்க. ஆ! கெட்டிக்காரி.”
பதவியுயர்வுக் கடிதத்தில்கூட
அந்தச் சொல் இருக்கவில்லை.

நாலரைக்குக் காற்று விழுந்தது.
நூல் தொய்ய,
களைத்த ஆள் கதிரையில் இருக்கிறமாதிரி
பட்டம் மெல்லக் கடலில் இருந்தது.
இருவரும் பேசாமல் நூலைச் சுற்றினோம்.
ஈர நூல்மட்டும் வந்தது.

சந்தியில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போனேன்.
“ஏன் அம்மா மண்?” என்றான் சின்னவன்.
“அலுவல்” என்றேன்.

மறுநாள் ஒரு சிவப்புப் பேனைக்கு
லாபிர் நானா மூன்று படிவம் கேட்டார்.
நிரப்பிக் கொடுத்தேன்.
அதே பேனையால் தணிக்கைக்குப் பதில் எழுதினேன்:
பன்னிரண்டு தாளும் காற்றில் போயின.
வாசித்தேன், கிழித்தேன், திரும்ப எழுதினேன்:
ஈரத்தில் பழுதடைந்தன.
அது பொய்யென்று ஒருவரும் சொல்லமுடியாது.