பதினான்காம் கேள்வி

படிவத்தில் பதினான்காவது:
பத்து வரை எண்ணத் தெரியுமா?

அர்ஹாங்காய் மேய்ச்சல் வெளியில்
கூடாரப் பள்ளியின் மூன்றாம் நாள்.
உலான்பாத்தரில் ரசீதோடு வாங்கி
லாரியில் ஏற்றிவந்த வண்ண மரக்கட்டைகளை
யஞ்மா தொடவே இல்லை.
நாலு வயது.
"ஒன்று, இரண்டு சொல்லு" என்றேன்.
என் காதணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பேனா 'இல்லை' பக்கம் சாய்ந்தது.

சாயங்காலம் ஆற்றோரம் குந்தியிருந்தாள்.
வெள்ளைக் கூழாங்கல் செம்மறி.
கறுப்பு, வெள்ளாடு.
புள்ளி விழுந்த பெரிய கல் குதிரை;
அதற்குக் கோபம் அதிகமாம்,
தள்ளித்தான் கட்டணுமாம்.
விரலால் கீறிய பட்டி,
வாசலுக்கு ஓர் எலும்புத் துண்டு.

ஒவ்வொன்றாய்த் தொட்டு உள்ளே விட்டாள்.
எண்ணே இல்லை.
சப்பை மூக்கு வந்தாச்சு. காது கிழிஞ்சது வந்தாச்சு.
அம்மா இல்லாதது வந்தாச்சு.
என் விரல்கள் தீர்ந்து
மறுபடி முதலிலிருந்து மடக்கினேன்.
திடீரென எழுந்து
மலைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.
ஒன்று குறைகிறதாம்.
அது என் பூட்சுக்கு அடியில் இருந்தது.

பட்டிக்கு வெளியே
சாணத்தூள் போர்த்திய கற்கள்,
படுத்த வாக்கில்.
நான் கேட்கவில்லை.
பனி இறுகிய அந்தப் பிப்ரவரியில்
அவள் அப்பா கொம்போவின் மந்தையில் பாதி
நின்றபடியே விறைத்ததை
வட்டாரமே அறியும்.
"இதுங்க தூங்குது, சத்தம் போடாதே."
ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றி
நிற்கவைத்தாள்.
விழுந்தது.
மறுபடி.
விழுந்தது.
"சரி, நாளைக்கு" என்றாள்.

தண்ணீர்க் கேனோடு கொம்போ வந்தார்.
ஒரே எட்டில் தாண்டிவிடலாம் அந்தப் பட்டியை.
கேனை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு
சுற்றிப் போனார்,
வாசல் இருந்த பக்கமாக.

"நீ நாய்" என்றாள் என்னிடம்.
இருபத்தோரு வருட அரசு ஊழியரிடம்.
"இங்கே படு. ஓநாய் வந்தா குரைக்கணும்."
படுத்தேன். ஈரப் புல்.
படிவம் வயிற்றுக்கடியில் எங்கோ கசங்கியது.
"வந்துடுச்சு!"
குரைத்தேன்.
கூடாரத்துக்குப் பின்னாலிருந்து
நிஜ நாய் பதில் சொன்னது.
கேன் இருந்த பக்கம் யாரோ சிரித்த மாதிரி இருந்தது.

பதினான்காம் கேள்விக்கு
இரண்டே கட்டங்கள்.
நடுக்கோட்டின் மேல் எழுதினேன்:
நாற்பத்தொன்று.
படுத்திருப்பவை சேர்க்காமல்.