ஒன்பது நிமிடம்

இந்த மாதம் வாட்ஸோவில் சூரியன் இறங்குவதில்லை.
வடக்குக் குன்றைத் தொடுகிற மாதிரி வந்து
மனம் மாறி மேலே போய்விடும்.
ஆகவே இருட்டை
நாங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

குளியலறைச் சன்னலுக்குக் கறுப்புத் தார்ப்பாய்,
சாவித் துவாரத்துக்குச் சூயிங்கம்,
காற்றுப்போக்கிக்கு என் கம்பளிக் காலுறை.
கதவடி இடுக்கில் ஈரத் துண்டு:
அதை வெளியிலிருந்து திணிப்பவன் நான்.

உள்ளே தூரூன்.
தொட்டியின் மேல் பலகை, பலகையில் தட்டுகள்,
ஒட்ட நகம் வெட்டிய பத்து விரல்.
கடிகாரத்தின் பச்சை முள்கூட
அவள் பிலிமுக்கு ஆகாது.
அதனால் நடைவழியில் முக்காலி போட்டு
நள்ளிரவு பன்னிரண்டரை வெயிலில்
நான் கடிகாரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சில்லை.
எண்களுக்கு மட்டும் விலக்கு.

"ஒன்று."
"ம்."
கதவுக்கு அப்பால் திரவம் நகரும் சத்தம்.
நான்கு தாள் பிலிம், ஒன்றின் மேல் ஒன்று.
அடியில் கிடப்பதை உருவி மேலே போடுகிறாள்,
மறுபடி அடி, மறுபடி மேல்,
சீட்டுக் கலைப்பவள் மாதிரி, ஆனால்
ஒன்றின் மூலை இன்னொன்றின் ஈர உடம்பைக் கீறாமல்.
ஓரத்தில் வெட்டியிருக்கும் பற்களைத் தடவி
எது முகம் எது முதுகு என்று கண்டுகொள்வாள்.
என்னிடம் அப்படி ஒரு வெட்டு இல்லை.

"நான்கு."
பக்கத்து வீட்டு ஊட்னி
புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்புகிறாள்.
ஜூனில் இங்கே யாருக்கும் நேரங்காலம் கிடையாது.
"ஐந்து" விழுந்ததா தெரியவில்லை.
"ஐந்து!" என்று கத்துகிறேன்.
"காது கேட்குது."
மூன்று நாளில் முதல் வாக்கியம்.

படகுத்துறையில் கேமராவை முக்காலியில் ஏற்றி
கறுப்புத் துணிக்குள் தலையைவிட்டு
என்னைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெளியே வந்து, "இரண்டு விநாடி. அசையாதே," என்றாள்.
ஷட்டர் திறந்த பிறகுதான் சொன்னேன்,
இழுவைக் கப்பலில் குளிர்காலம் முழுக்கப் போக
கையெழுத்துப் போட்டுவிட்டதை.
விநாடி பிசகாமல் மூடினாள் ஷட்டரை.
அதன்பின் வாயை.

"எட்டு."

"ஒன்பது."
காடி நெடி துண்டைத் தாண்டி வருகிறது.
பிறகு ஹைப்போ.
பிறகு, துண்டைத் தள்ளிக்கொண்டு கதவு.

நான்காவது தாளை ஓரம் பிடித்து, சொட்டச் சொட்ட,
வெயிலுக்கு எதிரே தூக்குகிறாள்.
வானம் முழுக்கக் கரி.
ஜூனில் எங்களுக்குக் கிடைத்த ஒரே இரவு,
நான்குக்கு ஐந்து அங்குலம்.
அதன் கீழே கல் கல்லாகத் துறை,
சட்டைப் பொத்தானில் நான்கு ஓட்டையும் எண்ணலாம்,
தாடியில் ஒரு மயிர் தப்பவில்லை.
வாய் மட்டும் புகை.

"இது எந்தச் சொல்?"
விரல் படாமல் காட்டினாள்.
'கையெழுத்து' என்பதா, 'மார்ச் வரைதான்' என்பதா,
எனக்கும் தெரியவில்லை.

திரும்பத் தட்டில் இறக்கினாள்.
இனி கழுவ அரைமணி நேரம்.
விளக்கு எரிகிறது, கடிகாரத்துக்குத் தடையில்லை,
என் குரலுக்கு வேலையில்லை.
முக்காலியைத் தூக்கினேன்.

கதவைச் சாத்தாமல், உள்ளிருந்து,
"ஒன்று சொல்லு," என்றாள்.