மதராஸில் எந்தப் பக்கம்

தண்ணீர் லாரி கௌதம் நகருக்குள் திரும்பினால்
மூன்றாவது மாடியில் சண்டை தொடங்கும்.
நைட் டூட்டி முடிந்து வந்த கண்ணோடு
வாளி சுமந்து படியேறும்போதே
இசக்கிக்குப் பொறுக்காது.
"இதெல்லாம் தண்ணியாட்டி?
எங்க ஆத்துல ஒரு கை அள்ளிப் பாரு."

எங்க ஆறு.
மலை முதல் கடல் வரை
பத்திரம் பதிந்து வைத்திருப்பவள்போலச் சொல்வாள்.

"ஆறு எங்க வந்து கடல்ல சேருது? புன்னைக்காயல்.
கடைசிவரைக்கும் வச்சுப் பாக்குறவளுக்குத்தான் சொத்து."
இது எஸ்தர், தூத்துக்குடி.
"ஆமா, நாங்க குளிச்ச மிச்சம்" என்பாள் இசக்கி.

நான் சிற்றாற்றை எடுத்துவிடுவேன்:
குற்றாலத்திலிருந்து நாங்கள் அனுப்பாவிட்டால்
சீவலப்பேரிக்குக் கீழே உங்கள் ஆறு வெறும் வாய்க்கால்.
அதற்கு மட்டும் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள்.
"தனிக்குடித்தனம் போனவளுக்குப் பேச்சப் பாரேன்!
உங்க கலெக்டர் ஆபீசுல இன்னும் பெயிண்டே காயலை."
எஸ்தரின் மாவட்டமும் அப்படிப் போனதுதான்,
எண்பத்தாறில்.
முதலில் போன மருமகளுக்கு
அது ஞாபகம் இருக்காது.

பூங்கொடி துணி பிழிந்துகொண்டே கேட்பாள்:
"ஏனுங், சிறுவாணின்னு ஒன்னு கேள்விப்பட்டதில்லீங்களா?"
காங்கேயத்துக்கு எப்போது வந்தது சிறுவாணி?
"மாப்ள கோயமுத்தூர்ல பாக்கறாங்க. வந்துரும்."

ராயபுரம் பிலோமினா மட்டும் வாயைத் திறக்க முடியாது.
திறந்தால் நாலு குரலும் ஒரே சுருதியில்:
கூவம்.

ஒருநாள் வாடகை வாங்க வந்த டபாஸ் அம்மா
பிரியமாகத்தான் கேட்டார்,
நீங்களெல்லாம் மதராஸில் எந்தப் பக்கம் என்று.
இசக்கி ஆற்றை விழுங்கினாள்.
எனக்கு இந்தியில் தென்காசி வரவில்லை.
பிலோமினா ஈரத் தலையோடு வெளியே வந்தாள்:
எல்லாம் நம்ம ஏரியாதான் ஆன்ட்டி,
என் வீட்டுக்குப் பின்னாடி தெரு.
அதன்பின் ஒரு வாரம்
அவள் வாளியைப் பின்தெருக்காரிகள் சுமந்தோம்.

டிசம்பரில் அவள் ஊரை மழை பிடித்துக்கொண்டது.
பஸ் போகிற ரோட்டில் படகு போனது டிவியில்.
அவள் அம்மாவின் போன் அணைந்தே கிடந்தது.
லாரி வந்தது. நிரப்பினோம். ஏறினோம்.
எவளும் எந்த ஆற்றையும் எடுக்கவில்லை.
பூங்கொடி கேட்காமலே
அவள் வாளியையும் வாங்கிக்கொண்டாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில்
பிலோமினா நின்றுவிட்டாள்.
"இன்னாடி, யாரும் ஒன்னும் சொல்ல மாட்றீங்க?
கூவம்னாவது சொல்லுங்கடி.
பயமா கீது."

இசக்கி வாளியைக் கீழே வைத்தாள்.
முதல் முறை குரல் வரவில்லை.
"ஏட்டி... உங்க ஊர்ல
இன்னைக்குத்தான் ஆறுன்னு ஒன்னு ஓடுது."

முதுகில் ஓங்கி ஒன்று விழுந்தது.
வாளி சரிந்து
மூன்று படிக்கு வழிந்தது தண்ணீர்.
அதில் நின்றபடியே
மறுபடி போனை எடுத்து அழுத்தினாள்.